கார்ட்டிங் களத்திலிருந்து லெ மான்ஸ் வரை: ரஷ்ய இளம் வீரர்களின் உரிமம் குறித்து எஃப்.ஐ.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

ஜூலை 2025

பெறுநர்:
தலைவர் திரு. முகமது பென் சுலாயம் அவர்களும் உறுப்பினர்களும், உலக மோட்டார் விளையாட்டுப் பேரவை, எஃப்.ஐ.ஏ. (சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு), பாரிஸ்.
தலைவர் திரு. பியர் ஃபிய்யோன் அவர்கள், ஆட்டோமொபைல் கிளப் த லூவெஸ்ட் (லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை நடத்தும் சங்கம்), லெ மான்ஸ்.

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

2022 மார்ச் 1 அன்று பேரவை எடுத்த முடிவின்படி, ரஷ்ய, பெலாரஸ் நாட்டு வீரர்கள் தங்கள் நாட்டின் கொடியும் சின்னமும் நிறமும் கீதமும் இல்லாமல், எஃப்.ஐ.ஏ. கொடியின் கீழ் தனிநபராக, நடுநிலை வீரராக மட்டுமே சர்வதேசப் பந்தயங்களில் கலந்துகொள்ளலாம். அமைதியையும் நடுநிலையையும் மதிப்பதாக உறுதிமொழிப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்திடவும் வேண்டும். அந்த முடிவை எதிர்த்து இம்மடலை எழுதவில்லை. எழுத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் அந்த வழி, நடைமுறையில் பெரும்பாலும் இரண்டாவது கடவுச்சீட்டோ வெளிநாட்டில் நிலையான வீடோ வாய்த்த பிள்ளைகளுக்கே பயன்படுகிறது என்பதைச் சுட்டிக்காட்டவும், குறைந்தபட்சம் கார்ட்டிங் (சிறுவர்கள் பந்தயம் பழகத் தொடங்கும் சிறு கார் போட்டி) வயதுப் பிள்ளைகள் வரையிலாவது அதைச் சரிசெய்யும்படி கேட்டுக்கொள்ளவுமே எழுதுகிறேன்.

போரைப் பற்றி முதலிலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். உக்ரைன்மீது ரஷ்யா தொடுத்திருப்பது ஆக்கிரமிப்புப் போர். உக்ரைன் குழந்தைகள் இழந்தவற்றின் முன், ஒரு ரஷ்யச் சிறுவன் இழக்கும் பந்தயப் பருவம் மிகச் சிறிய இழப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. உக்ரைன் ஆட்டோமொபைல் கூட்டமைப்பு அன்று ரஷ்யச் சங்கம் தந்த பந்தய உரிமம் வைத்திருப்பவர்கள் அனைவரையும் அடியோடு விலக்கிவைக்குமாறு கேட்டது. அந்தக் கோரிக்கைக்குப் பின்னாலிருந்த வலியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் பேரவை அதை முழுதாக ஏற்காமல் நடுநிலை என்ற வழியைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்த வழியை எல்லோருக்கும் ஒரே அளவுகோலால் நடத்திச் செல்லும் பொறுப்பும் பேரவையைச் சேர்ந்ததே.

ரஷ்யப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஏன் ஒரு மடல் என்ற கேள்வி எழலாம். கார் பந்தயத்தை அக்கறையோடு பின்தொடரும் தமிழர்கள் பலர் இருக்கிறோம். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2009-இல் லெ மான்ஸ் வரை போய், பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் தோள்மூட்டு விலகியதால் காரில் ஏறாமலே நிற்க நேர்ந்ததையும், சென்னையின் கருண் சந்தோக் 2012-இல் அதே பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக ஆறாவது இடத்தில் முடித்ததையும் நாங்கள் மறக்கவில்லை. இந்த ஆண்டு ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதிலிருந்து, நெடுநேரப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று எங்கள் வீடுகளில் பெரியவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இந்த விளையாட்டில் திறமைக்கு இணையாகக் காகிதமும் பணமும் எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பதை வசதி குறைந்த நாடுகளின் ரசிகர்கள் நன்றாகவே அறிவோம்.

என் வாதத்துக்கு ஒரே ஒரு வீரரின் பாதையை விரிவாக எடுத்துக்கொள்கிறேன்: ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மன். 1999-இல் டெல் அவிவில் பிறந்து, சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்து, சின்னஞ்சிறு வயதிலேயே கார்ட்டில் உட்கார்ந்தவர். கார்ட் என்பதை விளையாட்டு வண்டி என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் சஸ்பென்ஷன் கிடையாது; தரையின் ஒவ்வொரு மேடும் நேராக முதுகுத்தண்டுக்கு ஏறும். பின்பக்கத்தின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆகவே வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தை ஒரு கணம் தரையிலிருந்து எழும்ப வைத்தால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். பத்து வயதுப் பிள்ளை இதை எந்தப் பாடநூலிலும் படிப்பதில்லை. இருக்கையின் விளிம்பு விலாவில் இடித்து இடித்து, அதற்கென்று ஒரு கவசத்தைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு, எடையை எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை உடம்பாலேயே கற்றுக்கொள்கிறது. பின்னாளில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு காரை நள்ளிரவில், தேய்ந்த டயர்களோடு, நிதானம் இழக்காமல் நடத்திச் செல்லும் கைக்கு அடித்தளம் அங்கேதான் போடப்படுகிறது.

கார்ட்டிங்கில் முன்னேற விரும்பும் ரஷ்யக் குடும்பம் எப்போதுமே மேற்கு நோக்கித்தான் போக வேண்டியிருந்தது. ரஷ்யாவில் குளிர்காலம் நீளமானது. போட்டித் தரமோ இத்தாலியில், கார்தா ஏரிக்குத் தெற்கே உள்ள லொனாட்டோ போன்ற களங்களில் இருக்கிறது. உஃபாவில் பிறந்து பின்னாளில் ஃபார்முலா 1 வீரரான டேனியில் குவியாட்டும் சிறுவனாகவே இத்தாலிக்கு வந்து சேர்ந்தவர்தான். ஷ்வார்ட்ஸ்மன் 2014-இல், ஃபார்முலா 1-ஐ நோக்கிய ஏணியின் முதல் படியான ஃபார்முலா 4-க்கு, அதன் இத்தாலியத் தொடரில் ஏறினார். அடுத்த ஆண்டு அத்தொடரில் மூன்றாமிடம். ஃபார்முலா ரெனோவில் இரண்டு பருவங்கள் ஓட்டியபின் ஃபெராரியின் இளம் வீரர் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைத்தது. 2018 தொடக்கத்தில் நியூசிலாந்தில் டொயோட்டா ரேசிங் தொடரின் பட்டம். அதே ஆண்டு ஐரோப்பிய ஃபார்முலா 3-இல் மிக் ஷூமாக்கரும் டான் டிக்டமும் முதலிரு இடங்களைப் பிடிக்க, இவருக்கு மூன்றாமிடம். 2019-இல் எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா 3 தொடரின் முதல் சாம்பியன் ஆனார். பிரேமா அணியின் மூன்று கார்களும் அந்த ஆண்டு முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. மூன்றாவது காரில் இருந்தவர் எங்கள் நாட்டின் ஜெஹான் தாருவாலா. பட்டம் உறுதியானது சோச்சியில், சொந்த நாட்டு ரசிகர்களின் முன்னிலையில்.

2020-இல் தந்தையை கொரோனாவுக்குப் பறிகொடுத்தார். அந்த ஆண்டு ஃபார்முலா 2-இல் நான்கு பந்தயங்களை வென்றும் தொடரில் நான்காமிடமே கிடைத்தது. 2021-இல் ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு அடுத்து இரண்டாமிடம். இங்கே ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும். ஊக்கமருந்து விவகாரத்தில் விளையாட்டு நடுவர் மன்றம் 2020 டிசம்பரில் அளித்த தீர்ப்பால், 2021-ஆம் ஆண்டிலேயே ரஷ்ய வீரர்கள் கொடியின்றித்தான் ஓட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் யாரோ செய்த தவறுக்காகக் கொடியை இழந்த அதே வீரர்கள், அடுத்த ஆண்டு அரசு தொடுத்த போருக்காக மறுபடியும் இழந்தார்கள். இரண்டு தடவையும் அதை ஏற்றுக்கொண்டு ஓட்டியவர்கள் இருந்தார்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். கொடி இல்லாமல் ஓட்டுவது அவர்களுக்குப் புதிதும் இல்லை, அவர்கள் கேட்கும் சலுகையும் இல்லை.

ஃபார்முலா 1-இல் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளிகள் வேண்டும். ஃபார்முலா 2-இல் இரண்டாமிடம் பெறுபவருக்கு அந்த 40-உம் ஒரே பருவத்தில் கிடைத்துவிடும். தகுதி இருந்தும் ஷ்வார்ட்ஸ்மனுக்கு ஃபார்முலா 1-இல் இருக்கை கிடைக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தவை மொத்தம் 20 இருக்கைகள்தான். அதற்குள் போர் மூண்டது. டெல் அவிவில் பிறந்தவர் என்பதால் இஸ்ரேல் உரிமத்துக்கு மாற அவரால் முடிந்தது. 2022 அக்டோபரில் ஆஸ்டின் நகரில் அமெரிக்க கிராண்ட் பிரிக்ஸின் முதல் பயிற்சிச் சுற்றில் ஃபெராரி காரை ஓட்டியபோது அவர் இஸ்ரேல் உரிமத்தோடுதான் ஓட்டினார். 2023-இல் ஃபெராரி 296 ஜிடி3 காரில் நெடுநேரப் பந்தயங்களுக்கு வந்தார். 2024-இல் உலக எண்டூரன்ஸ் (நெடுநேரப் பந்தய) சாம்பியன்ஷிப்பில் ஏ.எஃப். கோர்சே அணியின் 83-ஆம் எண் ஃபெராரி 499பி காரை ஓட்டினார். செப்டம்பர் 1 அன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஃபார்முலா 1 காரை ஓட்டிப் பார்த்த அதே ஆஸ்டின் களத்தில், அந்த மஞ்சள் நிற ஃபெராரி இரண்டு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் டொயோட்டாவை முந்தி வென்றது.

அந்தக் காரில் இருந்த மூவரைப் பாருங்கள். ஒருவர் போலந்தின் ராபர்ட் குபிட்சா; 2011-இல் ராலி விபத்தில் வலக்கை சிதைந்து, பந்தய வாழ்க்கை முடிந்துவிட்டது என்று உலகமே நினைத்தவர். இன்னொருவர் சீனாவின் யே யீஃபெய். மூன்றாமவர் ரஷ்யாவில் வளர்ந்து இஸ்ரேல் உரிமத்தோடு ஓட்டுபவர். நெடுநேரப் பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பிட்டில், அதாவது பந்தயத்தின் நடுவே கார் வந்து நிற்கும் இடத்தில், ஆள் மாறும் நேரம். கார் நின்றதும் உள்ளே இருப்பவர் வார்களைத் தளர்த்தி, ரேடியோ இணைப்பையும் குடிநீர்க் குழாயையும் கழற்றி, தன் உடல் அளவுக்கு வார்த்தெடுத்த இருக்கைச் செருகலையும் உருவிக்கொண்டு வெளியே வருவார். அடுத்தவர் உள்ளே நுழைந்ததும் இவர் அப்படியே விலகிப் போய்விடுவதில்லை. வியர்வை வழிய, மூச்சு வாங்கக் குனிந்து, புதிதாக அமர்ந்தவரின் தோள்வாரை இழுத்துப் பூட்டி, குழாயைச் செருகி, கதவை அடைத்த பிறகே நகர்வார். அந்தச் சில வினாடிகளில் அவர்களுக்குள் தேவைப்படும் நம்பிக்கையைச் சர்வதேச விளையாட்டில் வேறெங்கும் இவ்வளவு அருகில் பார்க்க முடியாது. உங்கள் அமைப்பின் சாசனத்தில் பாகுபாடின்மை பற்றி எழுதியிருப்பதெல்லாம் கண்முன் நடக்கும் இடம் அதுதான்.

2024 லெ மான்ஸில் அந்தக் கார் முன்னிலையில் ஓடியும், கோளாறால் பந்தயத்தை முடிக்காமல் விலகியது. அதே எண், அதே அணி, கடந்த மாதம் நடந்த 2025 லெ மான்ஸில் ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றது. ஷ்வார்ட்ஸ்மன் இருந்த இடத்தில் பிரிட்டனின் ஃபில் ஹான்சன் இருந்தார். ஷ்வார்ட்ஸ்மனோ அதற்குள் அமெரிக்காவின் இண்டிகார் தொடருக்குப் போய், மே மாதம் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில் மணிக்கு 232.790 மைல் சராசரி வேகத்தோடு முதலிடத்தைப் பிடித்திருந்தார். 1983-இல் தேயோ ஃபாபிக்குப் பிறகு அறிமுக வீரர் ஒருவர் அங்கே முதலிடத்திலிருந்து புறப்படுவது அதுவே முதல் முறை. அன்றைக்குக் கேட்டவர்களிடம் அவர் உலகில் அமைதி வர வேண்டும் என்றுதான் பேசினார். தான் வாழ்ந்த இரண்டு நாடுகளும் போரில் இருக்கும் ஒருவரின் பேச்சு அது.

இந்தப் பாதையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கார்ட்டிங்கிலிருந்து நெடுநேரப் பந்தயம் வரையிலான இந்த நெடிய பயணம் 2022-இல் அறுந்துபோகாமல் காப்பாற்றியது அவருடைய திறமை மட்டுமென்று சொல்ல முடியாது. அவர் டெல் அவிவில் பிறந்தார் என்பதே அன்று அவரைக் காப்பாற்றியது. அதே திறமையோடு, அதே குணத்தோடு கஸானிலோ உஃபாவிலோ பிறந்த ஒருவரிடம் இஸ்ரேல் உரிமம் இருந்திருக்காது. ரஷ்யாவில் பிறந்து பிரெஞ்சு உரிமத்தில் ஓட்டும் விளாடிஸ்லாவ் லோம்கோவைப் பாருங்கள். 2023-இல் கூல் ரேசிங் அணியோடு லெ மான்ஸில் அறிமுகமாகி, 2024-இல் இன்டர் யூரோபோல் அணியில் யாக்குப் ஷ்மியெகோவ்ஸ்கி, க்ளெமான் நோவலாக் ஆகியோரோடு முதன்மைப் பிரிவுக்கு அடுத்ததான எல்.எம்.பி.2 பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். அவர் சிறந்த வீரர் என்பதில் மறுபேச்சு இல்லை. அவரோடு கார்ட்டிங்கில் சக்கரத்துக்குச் சக்கரம் மோதி ஓட்டியும் பிரெஞ்சு உரிமம் வாய்க்காத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதே என் கேள்வி.

நடுநிலை வழியில் வந்தவர்களுக்கும் பாதை சீராக இல்லை. 2022 மார்ச்சிலேயே பிரிட்டனின் மோட்டார் விளையாட்டு அமைப்பு, ரஷ்ய, பெலாரஸ் உரிமத்தோடு யாரும் தன் மண்ணில் ஓட்ட முடியாது என்று அறிவித்தது. அதே ஆண்டு எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா 3-இல் உறுதிமொழிக்கு உட்பட்டு நடுநிலையாக ஓட்டிய அலெக்ஸாந்தர் ஸ்மோல்யார், விசா கிடைக்காமல் சில்வர்ஸ்டோன் சுற்றை இழந்தார். ஒரு தொடரில் புள்ளிகளுக்காக ஓட்டும் வீரருக்கு ஒரு சுற்று முழுதாகப் பறிபோவது எத்தகைய பின்னடைவு என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. விசா அரசுகளின் அதிகாரம் என்பது தெரியும். ஆனால் எஃப்.ஐ.ஏ. பட்டம் தாங்கிய ஒரு தொடரில், எஃப்.ஐ.ஏ. அனுமதித்த ஒருவருக்கு எந்தெந்தச் சுற்றில் இடமிருக்காது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே சொல்லிவிடும் கடமை அரசுகளுக்கு உரியது இல்லையே.

இனி, இந்த மடலின் மையத்துக்கு வருகிறேன். ரஷ்யப் பந்தயப் பாதையில் உண்மையாகவே கேள்வி கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அது பணம். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் ரஷ்யப் பிள்ளைகளைக் கார்ட்டிங்கிலிருந்து மேலே ஏற்றிவிட்ட கைகள் யாருடையவை? எஸ்.எம்.பி. ரேசிங் திட்டத்தைத் தொடங்கிய போரிஸ் ரோட்டன்பெர்க், 2014 முதலே அமெரிக்காவின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருப்பவர். ஜி-டிரைவ் என்பது காஸ்ப்ரோம் நெஃப்ட் நிறுவனத்தின் எரிபொருள் வணிகப் பெயர்; அந்நிறுவனமோ அரசின் பிடியில் இருப்பது. ஃபார்முலா 1-இன் ஹாஸ் அணியின் காரில் எழுதியிருந்த உரல்கலி, அந்த அணியில் ஓட்டிய நிகிதா மாஸெபினின் தந்தையோடு தொடர்புடைய நிறுவனம். இவற்றில் முதல் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்த பணம் நெடுநேரப் பந்தயத்துக்குப் பெரிய சாதனைகளைத் தந்ததையும் மறுக்க முடியாது. 2015 லெ மான்ஸில் விக்தர் ஷைத்தாரும் அலெக்ஸெய் பாஸோவும் இத்தாலியின் ஆந்திரேயா பெர்த்தோலினியோடு சேர்ந்து எஸ்.எம்.பி.யின் ஃபெராரி 458-இல் ஜிடிஇ அமெச்சூர் பிரிவை வென்றார்கள். அதே ஆண்டு ரோமன் ருஸினோவ் ஜி-டிரைவ் அணியில் எல்.எம்.பி.2 உலகப் பட்டம் பெற்றார். 2019-இல் பெத்ரோவ், அலேஷின், வந்தோர்ன் ஓட்டிய எஸ்.எம்.பி.யின் பி.ஆர்.1 கார் லெ மான்ஸில் ஒட்டுமொத்தமாக மூன்றாமிடம் பிடித்தது.

2022-இல் நடந்ததைப் பாருங்கள். ருஸினோவ் உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்தார்; ஜி-டிரைவ் வெளியேறியது. எஸ்.எம்.பி. ரேசிங் தன் வீரர்களைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. பெரும்பணம் தன் விருப்பப்படி எழுந்து போய்விட்டது. அந்தப் பணத்தின் முடிவுகளில் எந்தப் பங்கும் இல்லாத பிள்ளைகள் நடுவழியில் நின்றார்கள். பணம் போனதற்காக நான் வருந்தவில்லை. தடைப்பட்டியலில் இருப்பவரின் பணமோ, போரை நடத்தும் அரசின் நிறுவனப் பணமோ பந்தயக் களத்துக்குள் வரக்கூடாது என்பதில் எஃப்.ஐ.ஏ. இன்னும் கண்டிப்பாகவே இருக்கலாம். ஆனால் இன்றைய விதி முதலில் கேட்பது வீரரின் குடியுரிமையைத்தான். ஒரு வீரரின் பருவத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள், எந்த நாட்டு வங்கி வழியாக, எந்த நிறுவனத்தின் பெயரில் என்ற கேள்விகளை, உரிமத்தில் எந்தக் கொடி இருந்தாலும் கேட்க வேண்டும். வேறு நாட்டு உரிமத்துக்கு மாறிய ஒருவரின் பின்னால் பழைய பணமே வந்தால் இன்றைய விதியால் அதை எளிதில் பிடிக்க முடியாது. தந்தையின் சேமிப்பில் ஓட்டும் ஒரு சிறுவன் மட்டும் கொடியின் பெயரால் முதல் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான்.

பணத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது நடத்தை. அதற்கு வழி இருக்கிறது என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள். 2022 ஏப்ரலில் போர்ச்சுகலின் போர்த்திமாவோவில் நடந்த கார்ட்டிங் பந்தயத்தில், இத்தாலிய உரிமத்தோடு ஓட்டிய 15 வயது ரஷ்யச் சிறுவன் ஒருவன் வெற்றி மேடையில் செய்த கைச்சைகைக்காக நீங்கள் விசாரணை தொடங்கினீர்கள். இத்தாலிய அமைப்பு அவனுடைய உரிமத்தை ரத்து செய்தது. தவறு செய்தவர் மீது தனித்தனியாக நடவடிக்கை எடுக்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறுபுறம், 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் நிகிதா மாஸெபின் மீதான தடைகளை நீக்கியபோது, தந்தை மகன் என்ற குடும்ப உறவு மட்டுமே ஒருவரைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கப் போதாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் விதி எந்தத் திசையில் வளர வேண்டும் என்பது விளங்கும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் சர்வதேச ஒலிம்பிக் குழு கையாண்ட முறையிலும் கற்க வேண்டியது இருக்கிறது. மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு ஒன்று ஒவ்வொரு வீரரையும் தனியே பரிசீலித்து, போரை ஆதரித்தவர்களையும் இராணுவ, பாதுகாப்புத் துறைகளோடு ஒப்பந்தம் உள்ளவர்களையும் விலக்கியபின், 15 ரஷ்யர்கள் தனிநபர் நடுநிலை வீரர்களாகப் பங்கேற்றார்கள். எண்ணிக்கை சிறியதுதான், அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனால் அங்கே இரண்டாவது கடவுச்சீட்டு ஒரு தகுதியாக இருக்கவில்லை. போட்டியிட்டவர் என்ன செய்தார், என்ன சொன்னார், யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதே கேட்கப்பட்டது.

இங்கே நான் கேட்பது மூன்றே காரியங்கள். அவற்றில் முதலாவது மற்ற இரண்டையும்விட எனக்கு முக்கியம்.

கார்ட்டிங்கிலும் ஃபார்முலா 4-இலும் ஓட்டும் வயதினருக்கு எஃப்.ஐ.ஏ. தானே நேரடியாக நடுநிலை உரிமம் வழங்க வேண்டும். உரிமம் வழங்குவது பொதுவாகத் தேசியச் சங்கங்களின் வேலை என்பதும், சூப்பர் லைசென்ஸ் போன்ற சிலவற்றை மட்டுமே நீங்கள் நேரடியாகக் கொடுக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சிறுவன் இன்னொரு நாட்டின் உரிமத்துக்கு மாற வேண்டுமென்றால் அந்நாட்டில் வீடு, பள்ளி, பெற்றோருக்கு வேலை, வதிவிட அனுமதி, பல நேரங்களில் தாய்நாட்டுச் சங்கத்தின் ஒப்புதல் என்று ஒரு குடும்பமே பெயர்ந்தாக வேண்டியிருக்கிறது. அதற்கு யாரால் முடியும்? ரோட்டன்பெர்க் போன்றவர்களின் நிழலில் வளர்ந்த குடும்பங்களால் முடியும். பட்டறை வைத்திருக்கும் ஒரு தந்தையால், பள்ளி ஆசிரியையான ஒரு தாயால் முடியாது. இன்றைய நிலை நீடித்தால், போரினால் தடைபட வேண்டிய பணக்காரர் பிள்ளை உள்ளே வந்துவிடுவார். எந்தப் பாவமும் அறியாத எளிய வீட்டுப் பிள்ளை வெளியே நின்றுவிடுவார். நீங்கள் விரும்பிய விளைவு இதற்கு நேர் எதிரானது என்று நம்புகிறேன். கையெழுத்திட்ட உறுதிமொழியும், பெற்றோரின் வருமானத்துக்கும் பருவச் செலவுக்குமான கணக்கும், ஸ்பான்சர்களின் பட்டியலும் சமர்ப்பிக்கப்பட்டால், எஃப்.ஐ.ஏ. அலுவலகமே அதைச் சரிபார்த்து அந்தப் பருவத்துக்கான உரிமத்தைத் தரட்டும். சிறுவர்களுக்கு இதைச் செய்து பார்த்தபின், பெரியவர்களுக்கும் நீட்டிப்பதா என்பதைப் பேரவை முடிவு செய்யலாம்.

இரண்டாவது, அந்த உரிமத்தை எஃப்.ஐ.ஏ. பட்டம் தாங்கிய தொடர்களின் எல்லாச் சுற்றுகளும் ஏற்க வேண்டும். ஏற்க இயலாத நாடுகள் எவை என்பதை ஆண்டு அட்டவணையை வெளியிடும்போதே சேர்த்து வெளியிட வேண்டும். ஒரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் ஒரு பருவத்தில் போடும் முன்பு, எத்தனை சுற்றில் ஓட முடியும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் ஆட்டோமொபைல் கிளப் த லூவெஸ்டுக்கும் சேர்த்து. நெடுநேரப் பந்தயத்தில் இடங்கள் அதிகம்: லெ மான்ஸில் 62 கார்கள், ஒரு காருக்கு மூவர் என்றால் 186 பேர். எந்த வீரரும் ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது, மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்ட முடியாது என்பதால் ஒரு நட்சத்திர வீரரை மட்டும் நம்பி எந்த அணியும் ஓட முடியாது. எல்.எம்.பி.2 பிரிவில் ஒவ்வொரு காரிலும் குறைந்தது ஒரு வெண்கல அல்லது வெள்ளித் தர வீரர் (எஃப்.ஐ.ஏ. வீரர்களுக்குத் தரும் தரப்பிரிவுகளில் கீழ்ப் படிகள்) இருந்தாக வேண்டும். பெரிய சாதனைகள் இன்னும் இல்லாத இளைஞர்கள் வெள்ளித் தரத்தில்தான் தொடங்குகிறார்கள். இந்த விதியால்தான், ஃபார்முலா ஏணியில் பணம் தீர்ந்து இறங்கிய பல திறமைசாலிகளுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. உங்கள் தேர்வுக் குழு லெ மான்ஸ் அழைப்புகளை முடிவு செய்யும்போது, எஃப்.ஐ.ஏ.வின் பணச் சோதனையையும் நடத்தைச் சோதனையையும் கடந்து வந்த நடுநிலை வீரர் ஒருவர் இருப்பது அணிக்கு எந்தப் பாதகத்தையும் தராது என்று எழுத்தில் அறிவியுங்கள். அப்படி ஓர் அறிவிப்பு இல்லாததால், வம்பு எதற்கு என்று அணிகள் தாங்களாகவே இப்படிப்பட்டவர்களைத் தவிர்த்துவிட நேரிடும். அதற்கு யாரும் பொறுப்பேற்கவும் மாட்டார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இம்மடல் நேர்மையானதாக இருக்காது. ரஷ்யச் சிறுவர்களுக்கு நேரடி உரிமம் வழங்கும் அதே தீர்மானத்தில், உக்ரைன் சிறுவர்களுக்குக் கார்ட்டிங், ஃபார்முலா 4 பதிவுக் கட்டணங்களை முழுமையாகத் தள்ளுபடி செய்யும் பிரிவும் இருக்க வேண்டும். வீட்டைவிட்டுப் போக நேர்ந்த பிள்ளைக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மற்றவரைப் பற்றிப் பேசுவதே முறை. இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைப்பதாக உக்ரைன் கூட்டமைப்பு இதை நினைத்துவிடக் கூடாது. எனவே தீர்மானத்தை எழுதும் முன்பு அவர்களை நேரில் அழைத்துக் கலந்து பேசுங்கள். அவர்கள் மறுத்தால், மறுப்பின் காரணங்களையும் பதிவுசெய்து வெளியிடுங்கள்.

கார்ட்டிங்கில் ஒரு பிள்ளையின் நல்ல ஆண்டுகள் மிகக் குறைவு. 12 வயதில் ஜூனியர் பிரிவுக்கு வருபவர் 15 வயதில் ஒற்றை இருக்கைக் காருக்கு ஏறியாக வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளை இழந்தவர் பிறகு எவ்வளவு ஓடினாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. 2022 பிப்ரவரியில் 12 வயதாக இருந்தவருக்கு இப்போது 15 ஆகிவிட்டது. ஆகவே, இந்தப் பொருளைப் பேரவையின் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, 2026 கார்ட்டிங் பருவத்துக்கான பதிவுகள் தொடங்கும் முன்பாக முடிவை அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிவு மறுப்பாகவே இருந்தாலும், அதை எழுத்தில் காரணங்களோடு அறிவித்தால், அந்தக் குடும்பங்கள் அதற்கேற்பத் தங்கள் பிள்ளைகளின் படிப்பையும் வாழ்க்கையையும் திட்டமிட்டுக்கொள்ள முடியும்.

மரியாதையுடன்,
நெடுநேரப் பந்தயங்களைப் பின்தொடரும் ஒரு தமிழ் வாசகன்